மூத்த பாறை
நார்வேயின் கடலோர மலைச்சரிவில் மழை விட்ட வெயில் சாய்ந்து விழுகிறது. நிலவியலாளர் ரக்ன்ஹில்டு பல கோடைகளாக இந்த மலையை வரைபடமாக்கியும் அவள் கண்ணில் படாத பாறை எல்லைக்கோடு, நேற்றுத்தான் உதவிக்கு வந்த தங்கை சோல்வெய்கின் உள்ளங்கையடியில் ஈரமாய் மின்னுகிறது. கண்டங்கள் மோதியபோது பழைய பாறை இளம்பாறைமேல் ஏறிய இடம் அது. “பாத்தியாக்கா, மூத்தது இளசை அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கு, நம்ம வீட்ல மாதிரியே” என்று சோல்வெய்க் சிரிக்கிறாள். “போன வருஷம் இதே பாறைல உக்காந்துதான் ரொட்டி தின்னேன்” என்கிறாள் ரக்ன்ஹில்டு. “அப்போ பாசி மூடியிருந்திருக்கும், விடுக்கா.” அந்தப் பரிவுதான் அக்காவைச் சுடுகிறது. கீழே கடற்பறவைகள் விடாமல் கத்துகின்றன. புகைப்படத்தில் பாறையின் அளவு தெரிவதற்காகச் சோல்வெய்க் தன் சுத்தியலைக் கோட்டின்மேல் சாய்த்துவைத்து விலகி நிற்கிறாள். ரக்ன்ஹில்டு கேமராவைத் தாழ்த்துகிறாள். தங்கையின் சுத்தியலை எடுத்துப் புல்லில் போட்டுவிட்டு, தன்னுடையதை அங்கே வைத்துப் படம் எடுக்கிறாள்.