பெஞ்சிலேயே முடிந்த சீசன்

தேசிய பாஸ்கெட்பால் லீக்கின் கடைசி மேட்ச் பெங்களூரில் முடிந்ததும், கோச் அறைக் கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு நுழைந்தாள் மெர்சி.

“பதினோரு மேட்ச் சார்! ஒண்ணுலயாவது என் பொண்ணு ஷெரினை இறக்கினீங்களா?”

“மெதுவா, மெதுவா. வெளியே ஆளுங்க இருக்காங்க.”

“கேக்கட்டும்! நம்ம ஏரியா ஸ்ரீராம்புரமே டிவி முன்னாடி உக்காந்து அவளைத் தேடுது. இன்னிக்கு முப்பது பாயின்ட் லீடு. நேத்து சேர்ந்தவளைக்கூட இறக்கினீங்க. பிராக்டீஸ்ல எல்லாரையும்விட அதிகமா பாஸ்கெட் போடுற என் பொண்ணு மட்டும் தண்ணி பாட்டில் தூக்கணுமா?”

கோச் வின்சென்ட் தலைகுனிந்தார்.

“ஊர் வாய்க்குப் பயந்துதான் மெர்சி. சொந்தப் பொண்ணுன்னு சான்ஸ் கொடுத்துட்டான்னு பேசுவாங்க.”

“அதுக்குத்தானே கோர்ட்டுல அப்பான்னு கூப்பிடாதே, சார்னு கூப்பிடுன்னீங்க? சீசன் பூரா கூப்பிட்டாளே! நானும்தான் இப்போ கூப்பிடுறேன். இன்னும் என்ன பண்ணணும்?”

மெர்சி கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வீசினாள்.

“அடுத்த சீசனுக்கு ஹைதராபாத் டீம்ல கையெழுத்துப் போட்டுட்டா. அங்கே அவளுக்கு அப்பா கிடையாது. ஆடுவா.”