இரண்டு இசக்கியம்மாள்கள்

சங்கரலிங்கத்தைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். இசக்கியம்மாள் பாளையங்கோட்டை எதிர்காலக் கடைக்குள் நுழைந்தாள். இயந்திரம் ஊருக்கே கேட்கிற குரலில் மதிப்பெண் போட்டது: கட்டினால் நூற்றுக்கு எட்டு, கட்டாவிட்டால் தொண்ணூற்றிரண்டு.

"இருபது வருசம் கழிச்சு இருக்கப்போற உங்ககிட்டயே கேட்டுக்கிடுங்கக்கா" என்ற கடைக்காரர், ஒன்றுக்குப் பதில் இரண்டு திரைகளையும் சேர்த்துத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் திரையில், அவரைக் கட்டிக்கொண்ட இசக்கியம்மாள் எடுத்த எடுப்பில் பொரிந்து தள்ளினாள். "ஏட்டி, வேண்டாம்ட்டி! அந்த மனுசன் விடுத குறட்டையில பக்கத்து வீட்டு ஓடு பறந்துட்டு. ரசம் வைக்கேன்னு போனாரு, தீயணைப்பு வண்டி வந்து நின்னுச்சு. செவ்வாய்க்குக் கூட்டிட்டுப் போறேன்னு தேதியத் தப்பாப் பாத்து, ராக்கெட் நிலையத்துலயே மூணு நாள் உக்காந்து புளியோதரை தின்னோம்!" சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திட்டினாள்.

கட்டாதவள் நிலாவில் வாங்கிய பங்களாவில், ஒரு குறையும் இல்லாமல், பட்டுச்சேலை கசங்காமல் அமர்ந்திருந்தாள். "நீ சொல்லுட்டி" என்று இசக்கியம்மாள் அவளைக் கேட்டாள். அவள் காதிலேயே வாங்கவில்லை. கழுத்தை நீட்டிப் பக்கத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறவு?" என்றாள் ஆசையாக. "பொறவு என்னாச்சுட்டி?"

இசக்கியம்மாள் அப்போதே சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டாள்.

"கட்டிக்கிடுவோம். ஆனா ஒங்க மேல ஏகப்பட்ட புகார் வந்திருக்கு. எல்லாம் நான் குடுத்ததுதான்!"