ஒன்று புள்ளி இரண்டு

மகள் வாங்கியது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காக மாற்றித் தந்த தாளில் 1.2 என்று இருந்ததைப் பார்த்ததும் தையல்காரருக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"நீ சும்மா இரு. வாயில்லாப் பூச்சின்னு நல்லா ஏமாத்தியிருக்காங்க!"

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு மகளையும் இழுத்துக்கொண்டு அந்தத் தாளைத் தந்த அலுவலகத்துக்குப் போனார். தாளைக் கவுன்டரில் அடித்து வைத்தார்.

"தொண்ணூத்தாறு மார்க்கு உங்க கைக்கு வந்ததும் ஒண்ணே காலுக்கும் கீழ போயிடுச்சா? பேன்ட் துணி குடுத்தா கைக்குட்டை தைச்சுத் தர்றீங்களே!"

"நியாயமாத்தானே கேக்கறாரு" என்றார்கள் வரிசையில் நின்றவர்கள்.

"ஐயா, அது வந்து..." என்று இழுத்தார் குமாஸ்தா.

"பேசாதீங்க. குறைஞ்சது அஞ்சாவது போடுங்க!"

"அஞ்சு போட்டா ஃபெயிலுங்க. அந்த நாட்டுல ஒண்ணுதான் முதல் தரம். நம்பர் ஏற ஏற மார்க் கம்மின்னு அர்த்தம்."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை மறுபடி பார்த்தார். குரல் மட்டும் இறங்கவே இல்லை.

"சரி, ஒண்ணு இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி இந்தப் புள்ளி ரெண்டு எதுக்குத் தொங்குது? வெட்டி விடுங்க!"