செங்காலியின் தையல்

மாமரத்துக் கிளையில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பெரிய கூடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தன. எந்த மரத்து எறும்பும் வந்து தைக்கலாம். ஒரே ஒரு வழக்கம்: யார் போட்ட தையலையும் இன்னோர் எறும்பு இழுத்துப் பார்க்கும். தாங்கினால் இருக்கும், தளர்ந்தால் பிரித்துவிடும்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இலையைத் தைத்து அந்தக் கூட்டை ஆரம்பித்த செங்காலி, அவசர அவசரமாக ஒரு தையல் போட்டாள். வேப்பமரத்திலிருந்து நேற்றுத்தான் வந்த வேம்பி அதை இழுத்துப் பார்த்தாள். தையல் நெகிழ்ந்தது.

"இது தாங்காதுக்கா. பிரிச்சிடறேன்," என்று பிரித்தே விட்டாள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அணிலுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா செங்காலி, இந்தக் கூட்டையே நீதான் ஆரம்பிச்சே. நேத்து வந்தவ உன் தையலைப் பிரிக்கிறா, பாத்துட்டுச் சும்மா நிக்கிறியே!"

செங்காலி தலையை நிமிர்த்திக்கொண்டாள். "என் தையல்னு தெரிஞ்சும் அவ கொஞ்சமாவது தயங்கினாளா, பாத்தியா? இனி எந்த மழை வேணும்னாலும் வரட்டும், இந்தக் கூடு தாங்கும்."

அதே இலையை மறுபடியும் தைத்து முடித்துவிட்டுக் கூப்பிட்டாள்:

"வேம்பி, இங்க வா. இழு. நல்லா பலமா இழு!"