மூன்றாம் ஓலை

அந்த வேதக்கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரர்கள் தங்கள் வேலைக்காரர்கள் உட்காரப் பின்பக்கம் ஒரு மேல்மாடம் வைத்தார்கள். அதற்குப் படி வெளிச்சுவரில்தான். கூரையையும் தாழ்த்திவிட்டார்கள், அங்கே குழந்தை வீறிட்டாலும் கீழே கேட்காது. இப்போது அங்கே ஆர்கன் இருக்கிறது. அதன் குழாய்கள் மட்டும் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கோயிலுக்குள் நீண்டிருக்கின்றன.

வாசிப்பவள் ஜெமிமா. மூன்று ஞாயிறாக ஆயர் கீழே வாசிப்பது அவளுடைய கலியாண ஓலையை. தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். ஆர்கன் ஒலித்ததும் தடையில்லை என்று ஓலையை மடித்துவிடுவார்.

வீட்டில் சொல்லிப் பார்த்தாயிற்று. முதல் ஞாயிறு அவள் எழுந்து நின்று, “எனக்கு இதுல சம்மதமில்ல” என்று சத்தமாகவே சொன்னாள்.

பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட வந்திருந்த சித்தி, “கீழ யாருக்கும் கேக்காதுடி, உக்காரு” என்றாள்.

இரண்டாம் ஞாயிறு படியிறங்கி, கோயிலைச் சுற்றி முன்வாசலுக்கு ஓடினாள். அதற்குள் மேலே சித்தி ஒற்றைக் கையால் மெட்டை வாசித்துவிட்டாள். சபை பாடிக்கொண்டிருந்தது.

இன்று கடைசி ஓலை. ஆயர் கேட்டு நிறுத்தியதும் ஜெமிமா ஆர்கனின் மூடியை இறக்கி, அதன்மேல் இரண்டு கைகளையும் பரப்பிக் கவிழ்ந்துகொண்டாள்.

“வாசிடி. உங்கப்பா மேல பாக்குறாரு.”

அப்பாவைத் தொடர்ந்து ஒவ்வொரு பெஞ்சாகத் தலைகள் மேல்மாடத்தை நோக்கித் திரும்பின. சித்தி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆயர் இன்னும் ஓலையை மடிக்கவில்லை.