மார்கழிக் கோலங்கள்

கணவர் இறந்த பதினேழாம் நாள், வீட்டுக் கம்ப்யூட்டரை எடுத்துப்போக அவருடைய தம்பி இளம்பரிதி வந்திருந்தார்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு பசங்களுக்குக் குடுத்துர்றேன் அண்ணி.”

“கொஞ்சம் இருங்க தம்பி. அதுல என் மார்கழிக் கோலமெல்லாம் இருக்கு.”

“மூணாவது மாடில கோலம் போட எடம் ஏது அண்ணி?” என்று சிரித்தபடி நகர்ந்துகொண்டார்.

பூங்கோதை பென்டிரைவைச் செருகினாள். பத்து வருடத்துக்கு முன் இறந்த தங்கள் குழந்தையின் படம் வீட்டில் இருக்கக் கூடாதென்று கணவர் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருந்தார். அவள் பதினொரு படங்களை மட்டும், ஆண்கள் திறந்து பார்க்காத பெயர் என்று நம்பி, ‘மார்கழிக் கோலங்கள்’ ஃபோல்டரில் ஒளித்துவைத்திருந்தாள். காலையில் அவர் குளிக்க அரை மணி நேரமாகும். ஒன்பது வருடமாக அந்த நேரத்தில்தான் பார்த்துவந்தாள். கடைசி ஒரு வருடம், ஆஸ்பத்திரி அலைச்சலில், திறக்கவே இல்லை.

இப்போது அதில் பதினான்கு படங்கள் இருந்தன.

அவள் பார்த்தேயிராத மூன்றிலும் குழந்தை அவர் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அவரே எடுத்தவை. அவருடைய தாடை மட்டும் தெரிந்தது.

“முடிஞ்சுதா அண்ணி?”

பூங்கோதை சாத்தியிருந்த குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.