பெயர் வராத பதிவு

"திறந்துடலாம்மா," என்றார் டல்சி அத்தை. "ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டுல எல்லாரும் சரின்னுட்டாங்க."

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கும் எங்கள் வானொலி நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. இறந்துபோன மகனின் குரல், அத்தையின் மகனின் குரல், அதற்குள் இருந்தது.

சனிக்கிழமை நடக்கும் ஃபுட்டி என்ற எங்கள் ஊர்க் கால்பந்து ஆட்டங்களை எங்கள் மொழியில் வர்ணித்தவன் அவன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போய் எங்கள் பையன்கள் படுதோல்வி அடைந்த நாளில்கூட யாரும் வானொலியை அணைத்ததில்லை.

இறந்தவரின் பெயரைப் பழங்குடிகளான நாங்கள் சொல்வதில்லை. குரலையும் கேட்பதில்லை, குடும்பம் சம்மதம் சொல்லும்வரை.

அவன் போன அன்று இந்த ஒழுங்கைக் கணினிக்கும் சொல்லிக் கொடுத்தேன். தேடல் அமைப்புகளுக்குள் போய் அவன் கோப்புறைக்கு எதிரே இருந்த டிக் குறியை எடுத்தேன். அதற்குப் பிறகு யார் எதைத் தேடினாலும் அவன் அகப்படவில்லை. ஒரு இயந்திரம் இவ்வளவு மரியாதையாக வாய் மூடியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது குறியைத் திரும்பப் போட்டேன். பதிவுகள் வரிசையாகத் திரையில் ஏறின. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம்தான் உறைத்தது. போன மாதம் இன்னொருவன் இறந்திருந்தான். எங்கள் அணியில் கோல் அடிப்பவன். அவன் அடிக்கும்போதெல்லாம் அத்தையின் மகன் அந்தப் பெயரை மூன்று முறை கூவுவான்.

அத்தைக்கும் அது புரிந்துவிட்டது. "அப்ப வேணாம்மா," என்றார். ஆனால் எழுந்துகொள்ளவில்லை.

நல்லவேளை, எல்லா வர்ணனைகளையும் நான் எழுத்தில் அடித்து வைத்திருந்தேன். தேடல் அமைப்புகளில் இன்னும் இரண்டு குறிகள் போட்டேன். கோப்பின் தலைப்பை மட்டுமல்ல, உள்ளே எழுதியிருப்பதையும் தேடு. சொல்லில் ஒரு பகுதி பொருந்தினாலும் போதும்.

அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோல் அடிப்பவன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அடித்தேன். அதற்குள் அது அவனைக் கண்டுபிடித்துவிட்டது. மீதிப் பெயரை எழுதும்படி என்னை அது கேட்கவில்லை.

ஏறக்குறைய எல்லாப் பதிவுகளிலும் அவன் இருந்தான். அவற்றை வேறு கோப்புறைக்கு மாற்றி, தேடலில் வராதபடி மூடினேன்.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. மழையால் நின்றுபோன ஆட்டம்.

அதை ஓடவிட்டேன்.

"தண்ணி பந்தை எடுத்துக்கிட்டு ஓடுது," அத்தையின் மகன் அறை அதிரக் கத்தினான். "தடுக்க ஆளே இல்ல, ஒரு நாய்தான் நிக்குது. நாயே, விட்டுடாத. போச்சு, விட்டுடுச்சு. கோல்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். ஆளில்லாத மைதானத்தில் மழைக்கும் நாய்க்கும் நடந்த ஆட்டத்தை நாங்கள் வாய் பிளந்து கேட்டோம்.

அப்போது மைக்குக்குப் பக்கத்தில் இன்னொருவன் சிரித்தான். அன்று ஆட்டம் நின்றதால் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அதே கோல் அடிப்பவன். சிரிப்பை நான் எழுத்தில் அடித்து வைத்திருக்கவில்லை, அதனால் தேடலில் அகப்படவில்லை.

அத்தையின் கை சட்டென்று நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

"உன் தம்பிம்மா," என்றார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுல சரின்னு சொல்ல வேண்டியவ நான்தானே அத்தை. மழை நிக்கிற வரைக்கும் ஓடட்டும்."